மாதவரம் எந்தத் தொகுதி?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். பெற்றோர் இன்னும் மாதவரத்தில்தான். தெருவில் மழைநீர் தேங்குவதைப் பற்றி எம்.பி.க்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறார். "மாண்புமிகு வடசென்னை நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்ததைப் பார்த்து அவர் மனைவி, "அவர் நம்ம எம்.பி. இல்லீங்க, நாம திருவள்ளூர்" என்று சொல்லியிருக்கிறார். உடனே எனக்குப் போன். "சார், முகவரி சென்னை-60. வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. ஓட்டு மட்டும் எப்படி சார் திருவள்ளூருக்கு?"

போனில் ஐந்து நிமிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் இது ஐந்து நிமிடத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. மாதவரம், மூலக்கடை, பால்பண்ணை, புழல் பக்கத்து ஆட்கள் பாதிப்பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. அதனால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்சிப் பெயர்கள் வரும், ஏனென்றால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது. யாரும் இங்கே கட்சிச் சண்டை போடக் கூடாது. போட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்!

முதலில் எங்கள் பழைய தொகுதி.

1952-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் மெட்ராஸ் நகரம் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு நாடாளுமன்றத் தொகுதிதான். அதில் ஜெயித்தவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அடுத்த தேர்தலில், 1957-ல், நகரம் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. வடசென்னைத் தொகுதியின் கதை அங்கேதான் ஆரம்பம்.

அந்த 1957 தேர்தலைப் பற்றி என் அப்பா சாகும்வரை பேசினார். அவர் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், பி.பி. வாடியா, திரு.வி.க. பெயர்களெல்லாம் அதில் வரும். அந்தச் சங்கத்துக்குப் பின்னாளில் தலைவராக இருந்தவர் எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை. இலங்கையில் பிறந்த தமிழர். இங்கே வந்து மில் தொழிலாளிகளையும் பிறகு துறைமுகத் தொழிலாளிகளையும் திரட்டியவர். காங்கிரஸ் கொடிகட்டிப் பறந்த அந்தக் காலத்தில், 1957-ல், சுயேச்சையாக நின்று வடசென்னையில் ஜெயித்து டெல்லிக்குப் போனார்.

"மில்லு கேட்டாண்ட நின்னு பேசின மனுசன் பார்லிமெண்ட்ல போய் பேசறாருடா" என்று அப்பா சொல்வார். 'நம்ம தொகுதி' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவர் வாயில்தான். தொகுதி என்பது அவருக்கு வரைபடத்தில் இருக்கிற கோடு இல்லை. மில்லில் சங்கு ஊதினால் காதில் விழுகிற தூரம், அவ்வளவுதான்.

1962-ல் காங்கிரசின் பி. சீனிவாசன் ஜெயித்தார். 1967-லும் 1971-லும் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன்.

அடுத்து 1977. அதற்குள் நாங்கள் பெரம்பூர் ஒண்டுக்குடித்தனத்தை விட்டு மாதவரம் வந்துவிட்டோம். அப்பா தன் சேமிப்பையும் அம்மாவின் இரண்டு வளையலையும் போட்டு ஒரு மனை வாங்கியிருந்தார். சுற்றிலும் வயலும் மாட்டுக்கொட்டகையும்தான். பால்பண்ணை வண்டி போகிற சத்தத்தை வைத்து மணி சொல்லலாம். "ஊரை விட்டே வந்துட்டோம்" என்று அம்மா புலம்புவார். ஆனால் 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் செய்த தொகுதிச் சீரமைப்பில் ராயபுரம், துறைமுகம், ஆர்.கே. நகர், பெரம்பூர் ஆகியவற்றோடு திருவொற்றியூரும் வில்லிவாக்கமும் வடசென்னைக்குள் இருந்தன. அதனால் நகரத்துக்கு வெளியே வந்தும் எங்கள் ஓட்டு வடசென்னைக்கே இருந்தது. அப்பாவுக்கு அதில் பெரிய நிம்மதி.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. 1977 மார்ச் தேர்தலில் எனக்கு முதல் தேர்தல் பணி. வாக்குப்பெட்டி, சணல் கயிறு, அரக்கு, மெழுகுவத்தி, மை பாட்டில் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நெருக்கடி நிலை அதிகாரபூர்வமாக நீங்குவதற்கு முன்பே நடந்த தேர்தல். வடசென்னையில் ஜெயித்தவர் தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பி. 'தனி அரசு' பத்திரிகை நடத்தியவர். நெருக்கடி நிலையில் சிறைக்குப் போனவர். மாநிலமெங்கும் அலை வேறு பக்கம் அடித்தபோது வடசென்னை இவரை அனுப்பியது.

1980-ல் ஜி. லட்சுமணன். மக்களவையின் துணைத் தலைவராக அமர்ந்தவர். வகுப்பில் 'டெபுடி ஸ்பீக்கர்' பற்றிப் பாடம் நடத்தும்போது "அவர் நம்ம எம்.பி.தான்" என்று சொல்ல எனக்குக் கிடைத்த வாய்ப்பு அது. அந்த வருடத்து மாணவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கலாம். 1984-ல் என்.வி.என். சோமு. 1989-லும் 1991-லும் தா. பாண்டியன். இவர் கதை விசித்திரமானது. பழுத்த பொதுவுடைமைவாதி, காங்கிரஸ் கூட்டணியில் கை சின்னத்தில் நின்று ஜெயித்தார். 1996-ல் மறுபடியும் சோமு. பாதுகாப்புத் துறையின் இணை அமைச்சராக இருந்தபோது 1997 நவம்பர் 14 அன்று அருணாசலப் பிரதேசத்தில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். குழந்தைகள் தினம். பள்ளியில் விழா முடிந்த பிறகு செய்தி வந்தது. 1998, 1999, 2004 மூன்று தேர்தலிலும் தொழிற்சங்கத் தலைவர் செ. குப்புசாமி.

பட்டியலைத் திரும்பிப் பாருங்கள். அந்தோணிப் பிள்ளையில் ஆரம்பித்துக் குப்புசாமியில் முடிகிறது. இரண்டு பேரும் தொழிலாளர் தலைவர்கள். துறைமுகமும் மில்லும் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் எண்ணூர், மணலி ஆலைகளும் இருக்கிற இடம் வேறு எப்படி இருக்கும்? பின்னி மில் 1996-ல் மூடிவிட்டது. அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இனி திருவள்ளூருக்கு வருவோம். இந்தப் பெயர் எங்களுக்குப் புதிது. ஆனால் தொகுதி புதிதில்லை.

1952-லேயே திருவள்ளூர் என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. இளைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் சில பெரிய தொகுதிகளில் இரண்டு எம்.பி.க்கள். ஓர் இடம் பொது, ஓர் இடம் பட்டியல் இனத்தவருக்கு. வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. திருவள்ளூரில் பொது இடத்துக்கு பி. நடேசன், தனி இடத்துக்கு மரகதம் சந்திரசேகர் என்ற பெண்மணி, இருவரும் காங்கிரஸ். நினைத்துப் பாருங்கள், குடியரசின் முதல் மக்களவையிலேயே நம் பக்கத்துத் தொகுதியிலிருந்து ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண் ஒருவர் போயிருக்கிறார். இரட்டை உறுப்பினர் முறையை 1961-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

1957-ல் ஆர். கோவிந்தராஜுலு நாயுடு, 1962-ல் வி. கோவிந்தசாமி நாயுடு திருவள்ளூரில் ஜெயித்தார்கள். அதோடு சரி. 1967 தேர்தலுக்கு முன் நடந்த சீரமைப்பில் திருவள்ளூர் என்ற நாடாளுமன்றத் தொகுதியே காணாமல் போனது. தமிழகத்துக்கு இருந்த 41 இடங்கள் 39 ஆகக் குறைந்ததும் அப்போதுதான். இந்தப் பக்கத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் என்ற புதுத் தொகுதி வந்தது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பூந்தமல்லி, திருவள்ளூர் எல்லாம் அந்தப் பெயருக்குள் அடங்கிவிட்டன. 1967 முதல் 2009 வரை, 42 ஆண்டுகள், திருவள்ளூர் என்ற பெயரில் நாடாளுமன்றத்தில் யாரும் உட்காரவில்லை. மாவட்டமாகக்கூட 1997-ல்தான் வந்தது.

இங்கே வரலாறு ஒரு வட்டம் போட்டது. மயிலாடுதுறை பக்கம் போய் அங்கே எம்.பி.யாகி, நேரு அமைச்சரவையில் துணை அமைச்சராகவும் இருந்த மரகதம் சந்திரசேகர், 1984-ல் ஸ்ரீபெரும்புதூரில் நின்றார். 1952-ல் திருவள்ளூர் என்ற பெயரில் தன்னை அனுப்பிய வட்டாரத்திலேயே, 32 வருடம் கழித்து வேறு பெயருள்ள தொகுதியில் ஓட்டுக் கேட்டார். 1984, 1989, 1991 மூன்றிலும் ஜெயித்தார்.

1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது அவருக்காகப் பிரசாரம் செய்யத்தான். அந்த மேடையருகே மொழிபெயர்க்கக் காத்திருந்தவர் எங்கள் வடசென்னை வேட்பாளர் தா. பாண்டியன். குண்டு வெடித்ததில் பாண்டியன் பலத்த காயமடைந்தார். தள்ளிப்போன தேர்தல் ஜூனில் நடந்தபோது எனக்கு மறுபடியும் வாக்குச்சாவடிப் பணி. வரிசையில் நின்றவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இருபது தேர்தலில் வேலை பார்த்திருப்பேன், அவ்வளவு அமைதியான வரிசையை நான் பார்த்ததில்லை. பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் இரண்டின் வேட்பாளர்களும் ஒரே ராத்திரியில், ஒரே இடத்தில், மரணத்தின் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

சரி, நாம் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனோம்?

2002-ல் தொகுதி மறுவரையறைச் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் ஆணையம். மாநிலங்களுக்குள் இடங்களின் எண்ணிக்கை மாறாது. எல்லைகளை மட்டும் 2001 கணக்கெடுப்பின்படி திருத்த வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2001-ல் தமிழக மக்கள்தொகை 6,24,05,679. அதை 39 ஆல் வகுத்தால் ஒரு எம்.பி.க்கு ஏறக்குறைய 16 லட்சம் பேர். 234 ஆல் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 67 ஆயிரம். நம் வில்லிவாக்கம் சட்டமன்றத் தொகுதியோ மாநிலத்திலேயே மிகப் பெரியதாக வீங்கிப் போயிருந்தது. மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய எங்களைப் போன்றவர்களால் வீங்கியதுதான். அதை உடைக்காமல் முடியாது.

உடைக்கும்போது ஒரு விதி. சட்டமன்றத் தொகுதி ஒன்று இரண்டு மாவட்டங்களுக்குள் கால் வைக்கக் கூடாது. மாதவரம் அப்போது திருவள்ளூர் மாவட்டம். அதனால் மாதவரம், புழல், செங்குன்றம் பக்கத்து ஊர்களைச் சேர்த்து மாதவரம் என்றே புதிய சட்டமன்றத் தொகுதி பிறந்தது. மாநிலப் பட்டியலில் அதன் எண் 9. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் என்ற ஆறையும் சேர்த்துத் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதிக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். தமிழகத்தின் 39 தொகுதிகளில் வரிசை எண் 1 அதுதான். 2008 பிப்ரவரியில் இது நடைமுறைக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மாதவரம் நகராட்சி மறைந்து மாநகராட்சியின் 3-வது மண்டலமானது. 2018-ல் சென்னை மாவட்டமும் விரிந்து மாதவரம் வட்டத்தை எடுத்துக்கொண்டது. தொகுதிக் கோடு மட்டும் 2008-ல் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. மாநகராட்சிக் கோடு, மாவட்டக் கோடு, தொகுதிக் கோடு மூன்றையும் வேறு வேறு ஆண்டில், வேறு வேறு அதிகாரம், வேறு வேறு கணக்கை வைத்துப் போட்டது. பெங்களூர் மாணவரின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

2009 மே 13. புதிய தொகுதிக்கு முதல் ஓட்டு. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தேர்தல் வேலை இல்லாமல் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. வாசலில் ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலை என்னைப் படிக்கச் சொன்னார். "திருவள்ளூர்" என்று தலைப்பைப் படித்ததும் நிறுத்திவிட்டார்.

"இன்னாப்பா, நம்மள மெட்ராஸ்ல இருந்து எடுத்துட்டாங்களா?"

"இல்லம்மா, ஓட்டு மட்டும் அங்க."

"உங்கப்பா இருந்தா ஒத்துக்க மாட்டாரு."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பல நாள் உறுத்தியது. அரசாங்கத்துக்கு அது 16 லட்சத்தில் ஓர் எண். அம்மாவுக்கு அது அம்பது வருடப் பழக்கம். பெயரைக் கேட்டதும் மில்லு, சங்கு, அப்பா எல்லாம் வருகிற தொகுதி ஒன்று. கோயில் குளத்துக்குப் பஸ் ஏறிப் போன ஊர் இன்னொன்று.

அந்த நாட்களில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் சிலர் வேறு ஒரு முணுமுணுப்பும் வைத்திருந்தார்கள். "திருவள்ளூர் தனித் தொகுதியாமே, அப்ப நமக்கு அதில என்ன இருக்கு?" இதற்கு ஆசிரியனாகப் பதில் சொல்வது என் கடமை என்று அன்றே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். தனித் தொகுதியில் வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் இனத்தவராக இருக்க வேண்டும். ஓட்டு எல்லாருக்கும் உண்டு. ஜெயித்தவர் எல்லாருக்கும் எம்.பி. 1932 பூனா ஒப்பந்தத்தில் தனி வாக்காளர் தொகுதி என்ற கோரிக்கையை அம்பேத்கர் விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது கிடைத்த ஏற்பாடு இதன் வேர். பிறகு அரசியல் சட்டத்தின் 330-வது பிரிவு. இன்று தமிழகத்தில் இப்படி 7 நாடாளுமன்றத் தொகுதிகள். இதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதியாக இருந்தது. 2009-ல் அது பொதுவானது, திருவள்ளூர் தனித் தொகுதியானது. நூற்றாண்டுக் கணக்கில் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு நாற்காலி உறுதி என்பதில் நமக்கு என்ன நஷ்டம்? என் வகுப்பில் எல்லாரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தீர்கள்.

திருவள்ளூரில் 2009-லும் 2014-லும் அ.தி.மு.க.வின் டாக்டர் பி. வேணுகோபால், 2019-ல் காங்கிரசின் கே. ஜெயக்குமார், 2024-ல் காங்கிரசின் சசிகாந்த் செந்தில் ஜெயித்தார்கள். செந்தில் ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்தவர். வாக்கு வித்தியாசம் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். அங்கே வடசென்னையில் 2009-ல் டி.கே.எஸ். இளங்கோவன், 2014-ல் டி.ஜி. வெங்கடேஷ் பாபு, 2019-லும் 2024-லும் கலாநிதி வீராசாமி.

இப்போது என் மனதில் உண்மையிலேயே கிடக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கோடு எங்கே விழுந்தால் என்ன, யாராவது ஒருவர் எம்.பி.யாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். தண்ணீரைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லும்.

புழல் ஏரி நிரம்பினால் திறக்கும் உபரிநீர் எங்கே போகிறது? வடபெரும்பாக்கம் வழியாக, மணலியைத் தொட்டு, சடையங்குப்பம் பக்கமாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய்க் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரோடு கடலில் சேர்கிறது. சுமார் 13 கிலோமீட்டர். ஏரி இருப்பது திருவள்ளூர் தொகுதியில். வழியில் மணலி வருகிறது; அது திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, அதாவது வடசென்னை. கடைசியில் முகத்துவாரம். அதன் தென்கரையில் கத்திவாக்கம், வடசென்னை. வடக்கே அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம், பொன்னேரி சட்டமன்றத் தொகுதி, மறுபடியும் திருவள்ளூர்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அதே தண்ணீர் கீழே போய் மணலிப் பக்கத்து என் மாணவர்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனது. ஆற்றின் ஒரு கரையில் இருப்பவர் ஒரு எம்.பி.யிடம் போகவேண்டும், எதிர்க்கரையில் இருப்பவர் இன்னொருவரிடம். மழைக்கு எந்தத் தொகுதி என்று தெரியாது. கோடு போடுகிறவர்களுக்காவது தெரிய வேண்டும் அல்லவா?

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மறுவரையறையில் மக்கள்தொகையை மட்டும் பார்த்தால் போதாது. நிலத்தின் இயற்கை அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி இவற்றையும் முடிந்தவரை கருத வேண்டும் என்று 2002 சட்டத்திலேயே இருக்கிறது. மாதவரத்திலிருந்து பெரம்பூருக்குக் கால் மணி நேரம். திருவள்ளூருக்குப் போய்வர அரைநாள்.

நமக்காவது தொகுதி மாறியதோடு போயிற்று. புதுக்கோட்டைக்காரர்களைக் கேளுங்கள். ஒரு காலத்தில் தனி சமஸ்தானம், 1948-ல் இந்தியாவோடு சேர்ந்தது. அதே 2008 சீரமைப்பில் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி அடியோடு நீக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு பக்கம் பிரிந்தன: கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி.க்கள். ஆனால் 'எங்கள் ஊர் எம்.பி.' என்று சொல்ல ஒருவரும் இல்லை. அங்கே எங்கள் சம்பந்தி வீட்டார் இன்றும் இதைப் பேசினால் குரல் மாறும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? அடுத்த கோடு வரப்போகிறது.

1976-ல் 42-வது திருத்தம் மாநிலங்களின் இடங்களை 1971 கணக்கிலேயே நிறுத்திவைத்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துகிற மாநிலம் அதனால் தண்டனை அடையக் கூடாது என்பது காரணம். 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. தமிழகத்துக்கு மொத்தம் எத்தனை இடம் என்ற பெரிய கேள்வியைப் பற்றி 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமே நடந்தது. 41 ஒரு தடவை 39 ஆனதைப் பார்த்த மாநிலத்துக்கு அந்தக் கவலை நியாயமானது. அதை டெல்லியிலும் கோட்டையிலும் பேசுகிறவர்கள் பேசட்டும். நம் தெரு எந்தப் பக்கம் விழும் என்ற சின்னக் கேள்வியை நமக்காக வேறு யாரும் கேட்க மாட்டார்கள். அதை நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. ஆணையம் முதலில் வரைவை அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் வெளியிடும். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுக்கும். பொதுமக்கள் கூட்டம் நடத்தும். யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வேண்டாம், கட்சி அடையாள அட்டை வேண்டாம். இறுதி ஆணை வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் பலம். பிறகு மாற்றுவது மிகக் கடினம். அதனால் வரைவு வரும்போது மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் வார்டு எந்தத் தொகுதியில் என்று பாருங்கள். உங்கள் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் குடியிருப்போர் சங்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்; சம்பளம் கேட்க மாட்டேன்.

மறுபடி வடசென்னையோடு சேர்க்க வேண்டும் என்றுதான் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. புழல், மாதவரம், மணலி, எண்ணூர் என்று ஆற்றோடு போகிற ஊர்கள் ஒன்றாக இருக்கும்படி ஒரு தொகுதி வந்தால் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். எங்கள் அப்பாவுக்கு மில் சங்கு கேட்கிற தூரம் தொகுதியாக இருந்தது. என் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே வெள்ளத்தில் நனைகிறவர்கள் ஒரே தொகுதியாக இருந்தால் போதும்.

இதற்கிடையில், பெங்களூர் மாணவருக்கு: மனுவைத் திருவள்ளூர் எம்.பி.க்கே அனுப்பு. நகல் ஒன்றை மாநகராட்சி 3-வது மண்டல அலுவலகத்துக்கும், இன்னொன்றை மாதவரம் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் அனுப்பு. மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரமாக வை.

எல்லாரும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் முதலில் ஓட்டுப் போட்ட தேர்தல் எது, தொகுதி எது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்க ஆசையாக இருக்கிறேன்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார், மாதவரம்